மலையில் ஓடும் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம்: விளையாட்டு ஒதுக்கீடு எப்படி?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டச் சாலையில் தினமும் விடியுமுன்னே ஓடும் மாணவி ஒருத்தி, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். 3,000 மீட்டர் ஓட்டக்காரி. உறைபனி விழும் மாதத்திலும் ஒருநாள் தவறமாட்டாள். "காலேஜிலயும் ஓடணும், அண்ணா. அதுக்குன்னு சீட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. ஆனால் அதை வாங்கித் தருவது கால் மட்டுமல்ல, காகிதமும்தான். எந்த அளவுப் போட்டி, எத்தனையாவது இடம் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலே போகப் போக மதிப்பு கூடும். தமிழக அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியையும் விடக்கூடாது. பள்ளிப் பிரிவில் 12 முதல் 19 வயதுவரை ஓடலாம். அண்மை ஆண்டுகளில் தனிநபர் போட்டியில் மாநில அளவில் முதலிடத்துக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்கள் சிறப்புப் பிரிவில் வருவார்கள். அவர்களுக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே முடிந்துவிடும். இணைய விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட மறந்துவிட்டு அப்புறம் கல்லூரி வாசலில் போய் நின்று பயனில்லை. பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. கோவையின் தனியார் கல்லூரிகள் பல, தாங்களே ஓடவிட்டுப் பார்த்துத் தேர்வு செய்கின்றன. கட்டணச் சலுகை எவ்வளவு என்பதைச் சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழில் பெயரும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆடி மழை ஈரத்தில் மை கலங்கிப்போன சான்றிதழ்களை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறை பத்து ரூபாய்தான்.

சேர்ந்த பிறகு? 1955-இல் தொடங்கிய ஊட்டி அரசு கலைக் கல்லூரி கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஓடினால் பல்கலைக்கழக அணி, அங்கிருந்து அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அதற்கு வயது 17 முதல் 25 வரை. முழுநேர மாணவராகவும் இருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அஞ்சல் வழி மாணவருக்கு அந்த அணியில் இடமில்லை. ஊட்டியின் சுமார் 2,240 மீட்டர் உயரக் குளிரில் பழகிய உடம்பு கோவை வெயிலில் திணறும் என்பது தனிக் கதை. போட்டிக்கு ஓரிரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுவது நல்லது.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்க, பஸ்ஸுக்குக் கொடுக்க ஆகும்.

எல்லாம் சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்பில் ஓடிய வருவாய் மாவட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். பள்ளி பீரோவிலேயே கிடக்கிறதாம். திங்கட்கிழமை பி.டி. சாரைப் பார்த்து வாங்கிவிடுவதாகச் சொன்னாள்.