சுரங்கம்: சொல்லும் பொருளும்

பெரிய பள்ளம் தோண்டிக் கனிமம் எடுக்கும் இடத்தையும் நாம் இன்று சுரங்கம் என்கிறோம்; நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கம் அதற்குச் சான்று. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அது பொருந்தாது. குழலையும் நிலத்தடி வழியையும் குறித்த 'சிரிங்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே வடமொழியில் 'சுருங்கா' ஆயிற்று என்பது அறிஞர் பலர் கருத்து. தமிழில் அது 'சுருங்கை'. சிலப்பதிகார மதுரையில் யானைக் கூட்டம் செல்லும் அளவுக்கு அகன்ற சுருங்கை வீதி இருந்தது. 'சுருங்கு' என்னும் வினையோடு இதைப் பொருத்துவாரும் உண்டு. யானை புகும் வழிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை.

குழல் என்னும் மூலப்பொருள் பழுதின்றி நிற்பது கடும்பாறைச் சுரங்கங்களில்தான். மலைச்சரிவில் கிடையாகப் புகுவது ஒருவகை, வண்டி இறங்கும் சாய்வழி மற்றொன்று, கிணறுபோல் நேராக இறங்கும் ஷாஃப்ட் மூன்றாவது. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயல் மூன்றாம் வகை. அதன் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் போயிற்று.

நிலக்கரிச் சுரங்கத்தில் அஞ்சப்படும் மீத்தேன் தீ இத்தகைய பாறையில் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த ஆழத்தில் பாறையே 60 பாகை செல்சியசுக்கு மேல் கொதித்தது; துளையிடும்போது பறக்கும் படிகக்கல் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தந்தது. எல்லாவற்றிலும் கொடியது, மேலிருக்கும் பாறையின் பாரத்தை, தோண்டியெடுத்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை தாங்கமாட்டாமல், சுவரோ கூரையோ முன்னறிவிப்பின்றிச் சில்லுசில்லாய்ப் பாய்வது. இதற்கு ஆங்கிலத்தில் 'ராக்பர்ஸ்ட்' என்று பெயர்.

இதைப் 'பாறை வெடிப்பு' என மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பித்தவெடிப்பு, நிலவெடிப்பு என்று விரிசலையும் வெடிப்பு என்கிறோம். தொழிலாளர் மருந்து வைத்துப் பாறை உடைப்பதும் வெடிதான். இங்கோ யாரும் வெடி வைக்கவில்லை. உள்ளிறுக்கமே பாறையைச் சிதறடிக்கிறது. வெயிலில் காய்ந்த உளுந்து நெற்று தானே பிளந்து பருப்பை எறிவதைத் தெறித்தல் என்போம் அல்லவா, அதே வினை இதற்கும் பொருந்தும்: பாறைத் தெறிப்பு. சுரங்கம் என்பதை மாற்ற வேண்டியதில்லை, நெடுங்காலம் புழங்கிய சொல். வானம் தெரியும் பள்ளத்துக்கு மட்டும் 'அகழ்குழி' என்னலாம்.