மருந்துச்சீட்டில் விழ வேண்டிய முத்திரை

ஒரு மாலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்து, பர்ஸிலிருந்து நான்காக மடித்த சீட்டொன்றை எடுத்து நீட்டினார். பதற்றத்தைத் தணித்து உறக்கம் தரும் அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், இரவில் ஒன்று, பத்து நாள்களுக்கு. தேதியோ ஏழு மாதங்களுக்கு முந்தையது. மடிப்புகளில் தாள் கிழியும் அளவுக்குப் பல கடைகளைப் பார்த்திருந்த அந்தச் சீட்டில் ஒரு கடையின் முத்திரைகூட இல்லை.

மருத்துவர் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, இத்தகைய சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் மருந்து வழங்கக் கூடாது என்பதும், வழங்கும்போதே கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே குறிக்க வேண்டும் என்பதும் மருந்து விதிகளின் 65-ஆம் விதி. அல்பிரசோலம், வலிநிவாரணிகளான டிரமடால், கோடீன் முதலியவற்றை உள்ளடக்கிய, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். ஆய்வாளர் வருகிறார் என்றதும் உட்கார்ந்து நிரப்பும் பதிவேட்டால் ஒருவருக்கும் பயனில்லை. விற்கும் நேரத்திலேயே எழுதினால்தான் ஒரே பெயர் ஒரே மாதத்தில் மூன்றாம் முறை வருவது நம் கண்ணில் படும்.

டிரமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. இப்போது சீட்டே இல்லாமல் "அண்ணா, வலி மாத்திரை ஒரு அட்டை" என்று அதே வகை வலிநிவாரணியான டேபென்டடால் கேட்டு வரும் இளைஞர்களை நாங்கள் பார்க்கிறோம். விழுங்க வேண்டிய மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவதால் ரத்தக் குழாய் புண்ணாகிறது. ஊசியைப் பகிர்வதால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சி தொற்றும் பரவுகின்றன. அவர்களுக்கு மாத்திரை இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ எழுதிக் கொடுக்கிறோம்.

அந்த அம்மாவுக்கு ஆறு மாதத்திற்கும் மேலாகத் தினமும் அந்த மாத்திரை. கணவர் இறந்ததிலிருந்து உறக்கமில்லை என்றார். இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம் என்பதால், 'கிடையாது' என்று திருப்பி அனுப்புவதும் ஆபத்தே. எனவே அவரை உட்காரவைத்து, சீட்டிலிருந்த எண்ணில் மருத்துவரை அழைத்துப் பேசினேன். அன்றிரவே வரச் சொன்ன மருத்துவர், அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் விதத்தில் புதிய சீட்டு எழுதினார். அந்த அம்மா அதைக் கொண்டுவந்ததும் முத்திரையிட்டு, தேதி எழுதி, இரண்டு வாரத்துக்கான மாத்திரைகளை மட்டும் எண்ணிக் கொடுத்தேன்.