படித்தால் என் குரல் போய்விடுமா?

"நான் யாரையும் படிப்பதில்லை சார். படித்தால் அவர்கள் சாயல் வந்துவிடும்." கவிதைத் தொகுப்பைத் திருத்தக் கொடுக்கும்போதே இப்படிச் சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சொந்தக் குரலில் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் பக்கத்தைத் திருப்பினால் நிலவு காதலியின் முகமாகியிருக்கும், மௌனம் பேசும், கண்ணீர் கவிதையாகும். யாரையும் படிக்காதவருக்கு இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? பாட்டிலும் மேடைப் பேச்சிலும் கேட்டுக் கேட்டு ஊறியவை. மரபு வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டவர் வீட்டுக்குள் அது தேய்ந்துபோன வடிவத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறது. படித்திருந்தால் இது பழசு என்று தெரிந்து, அவரே அடித்து நீக்கியிருப்பார்.

மரபு புதுமைக்கு எதிரி என்ற எண்ணமும் சரியில்லை. தொல்காப்பியம் செய்யுளுக்கு எட்டு வனப்புகள், அதாவது அழகுகள், சொல்கிறது. 'தொன்மை' அதில் ஒன்று. அதே பட்டியலில் 'விருந்து' என்றும் ஒன்று உண்டு. புதிதாகப் புனைவதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் அது. வாசல் தேடி வருகிற புதியவரை அழைக்கும் அதே சொல்! எனக்கு இது இன்றும் வியப்புதான்.

கம்பரைப் பாருங்கள். திருமணத்துக்கு முன் இராமனும் சீதையும் கண்ணோடு கண் நோக்கும் காட்சி வால்மீகியில் இல்லை. கம்பர் அதை மிதிலையில் வைத்தார். தலைவனும் தலைவியும் முதன்முதலாக எதிர்ப்படுவது சங்க அகப்பாடல்கள் பழக்கிவைத்த இடம். வடக்கிலிருந்து வந்த கதையில் தமிழ்க் காதல் மரபைக் கொண்டுவந்து சேர்த்தார், அவ்வளவுதான். அந்தக் காட்சி இன்றைக்கும் கம்பருடையதாகவே இருக்கிறது.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றுதான். மனதைப் பிடித்த ஒரு பக்கத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். வாக்கியம் எங்கே நிற்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கைக்குத் தெரியவரும். மறுநாள் அதே அமைப்பில் உங்கள் விஷயத்தை எழுதுங்கள். ஆனால் அதை அச்சுக்கு அனுப்பாதீர்கள், அது பயிற்சி. பிறர் கதையில் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டுத் தாக்கம் என்று சொல்வது திருட்டு.

கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப்போன தலைவனுக்காகத் தலைவி காத்திருப்பதைப் பாடுவது முல்லைத் திணை. அதில் எழுத முயன்ற ஒரு பெண் என்னிடம் வந்தார். கணவர் வெளிநாட்டில். கவிதையில் கார்மேகமும் தேர்மணி ஓசையும் தேற்றும் தோழியும் இருந்தன. இலக்கணப்படி எல்லாம் சரி, உயிர்தான் இல்லை.

"காத்திருக்கும்போது எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"போனைத்தான். கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தார் என்று."

இரண்டு வாரம் கழித்துத் திருத்திக் கொண்டுவந்தார். தேர் போய்விட்டது. நள்ளிரவில் அணைந்த பச்சைப் புள்ளி வந்திருந்தது. தோழி மட்டும் போகவில்லை. குறுந்தொகையில் ஒரு தோழி, "இது கார்காலமே இல்லை, கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது" என்று தலைவியைத் தேற்றுவாள். இவர் கவிதையின் தோழி, "அங்கே நெட்வொர்க் சரியில்லைடி, அந்தப் புள்ளி பொய் சொல்லுது" என்கிறாள்.