கொன்சேர்ட் பியானிஸ்ட்டைத் தமிழில் எப்படி அழைப்பது?

கொழும்பில், கறுவாத்தோட்டத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் பியானோ நிகழ்ச்சி. அழைப்பிதழை மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் 'கொன்சேர்ட் பியானிஸ்ட்' (மேடையில் பியானோ வாசிப்பதையே சீவியமாகக் கொண்டவர்) என்று இருந்த இடத்தில், தமிழில் 'கச்சேரி பியானோ வாசிப்பாளர்' என்று போட்டிருந்தது. வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கச்சேரியில என்னத்துக்குப் பியானோ? ஜீ.ஏ.க்கு வாசிச்சுக் காட்டவோ?" என்று கேட்டார். ஜீ.ஏ. என்றால் மாவட்ட அரசாங்க அதிபர். மாமா முப்பது வருடம் கச்சேரியில் கிளார்க் வேலை பார்த்த மனிதர். அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் கச்சேரி என்றால் பாட்டும் மிருதங்கமும் நினைவுக்கு வரும். இலங்கையில் எங்களுக்கோ அது முதலில் மாவட்டச் செயலகம். யாழ்ப்பாணத்தில் கச்சேரி நல்லூர் வீதி என்று தெருவே இருக்கிறது. உண்மையில் மூலப்பொருளுக்குக் கிட்ட நிற்பது எங்கள் வழக்குத்தான். இந்துஸ்தானியில் அந்தச் சொல்லுக்கு வழக்குமன்றம், அரச அலுவலகம் என்றே பொருள். பலர் கூடும் இடம் என்ற கருத்தின் வழியே அது பாட்டுக்கும் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், 'கொன்சேர்ட்' என்ற சொல்லின் பூர்வீகமும் கொஞ்சம் வழக்காடுகிற பூர்வீகந்தான். லத்தீன் 'கொன்செர்த்தாரே' என்றால் போட்டியிடுவது, வாதாடுவது. இத்தாலியர் வாயில் அது சேர்ந்து இசைவது, ஒத்துப்போவது என்று மாறிவிட்டது. ஆக, மாமாவைச் சிரிக்க வைத்த அந்த மொழிபெயர்ப்பு சொல்வரலாற்றின்படி அவ்வளவு மோசமில்லை. காதுக்குத்தான் ஒத்துவரவில்லை.

சரி, பியானோவுக்கு வருவோம். இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெல்ல என்று பொருள். சமதளம் என்று பொருள்படும் லத்தீன் 'பிளானுஸ்' அதற்கு மூலம். 'ஃபோர்ட்டே' என்றால் வலுவாக. புளோரன்ஸில் மெடிச்சி இளவரசரின் இசைக்கருவிகளைப் பராமரித்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபொரி செய்த கருவி 1700ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில், மெல்லொலியும் வல்லொலியும் எழுப்பும் புதுக்கருவி என்று பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்ட் என்ற கம்பிக் கருவியில், விரல் வைக்கும் கட்டையை எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் இறகுத்தண்டு ஒன்று கம்பியைச் சுண்டிவிடும். கிறிஸ்தோஃபொரி சுண்டுவதை விட்டுவிட்டுச் சிறு சுத்தியலால் அடிக்க வைத்தார். விரல் மெல்ல இறங்கினால் மெல்லிய ஒலி, ஓங்கி இறங்கினால் பெரிய ஒலி. கருவியின் பெயரே அதுதான்: 'பியானோஃபோர்ட்டே'. நம் இலக்கணப் பாடத்துப் பாஷையில் மெல்லினமும் வல்லினமும். பிறகு வல்லினம் உதிர்ந்து மெல்லினம் மட்டும் மிஞ்சியது. ஒரு மண்டபத்தையே அதிரவைக்கக்கூடிய, ஒன்பது அடி நீளக் கருவியை 'மெல்ல' என்று அழைக்கிறோம்.

இதற்குத் தமிழில் 'கின்னரப்பெட்டி' என்றொரு சொல் புழங்குகிறது. கின்னரர் என்போர் புராணங்களில் வரும் தேவலோகப் பாடகர்கள். கின்னரம் என்பது நரம்புக் கருவி ஒன்றின் பெயராகவும் ஆயிற்று. தமிழ் வேதாகமத்தில் யூபாலைக் கின்னரக்காரருக்குத் தகப்பன் என்று சொல்லுமிடத்தில் கிறிஸ்தவக் கோயில் பியானோவில் பழகிய பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். அழகான சொல்தான், ஆனால் எனக்கு ஒரு தடை இருக்கிறது. கின்னரம் விரலால் மீட்டும் கருவி. கம்பியை மீட்டுவதை விட்டு அடிக்கத் தொடங்கியதில்தானே பியானோ பிறந்தது! விட்டுவந்ததையே பெயரில் திரும்ப ஏற்றுவானேன்? தவிலுக்கும் வீணைக்கும் ஐரோப்பியர் புதுப்பெயர் தேடவில்லை. பியானோ பியானோவாகவே இருக்கட்டும்.

ஆனால் அதன் கட்டைகளுக்கு 'விசை' என்று எழுதுகிறார்களே, அதை விடலாம். ஆர்மோனியக்காரர்கள் எப்போதோ 'கட்டை' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பாடகருக்கு ஒரு கட்டைச் சுருதி, ஐந்து கட்டைச் சுருதி என்று சொல்வதெல்லாம் அந்தப் பலகையிலிருந்து வந்த கணக்கு. பியானோவில் 52 வெள்ளைக் கட்டை, 36 கறுப்புக் கட்டை, மொத்தம் 88. 'விசைப்பலகை'யைக் கணினி எடுத்துக்கொண்டு போய்விட்டது, போகட்டும்.

இனி ஆள். கொழும்பில் பியானோ பழகும் பிள்ளை ஐந்தாறு வயதில் தொடங்கும். 'ரோயல் ஸ்கூல்' பரீட்சை, 'டிரினிட்டி' பரீட்சை என்று வீட்டில் பேச்சு அடிபடும். இரண்டும் இசைப் பரீட்சை நடத்தும் லண்டன் அமைப்புகள். முன்னது 1889இல் தொடங்கியது. கிரேட் ஒன்று முதல் எட்டு வரை போய், பிறகு டிப்ளோமா. பக்கத்து வீட்டுப் பிள்ளை நம்மூர்ச் சங்கீதத்துக்கான வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனைகளை ஒவ்வொரு தரமாகத் தாண்டிக் 'கலாவித்தகர்' பட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு படிக்கட்டும் ஒரே மாதிரித்தான், ஏறுகிற வீடுதான் வேறு. கிரேட் எட்டு முடித்தவரைப் 'பியானிஸ்ட்' என்று கல்யாண மேடையில் அறிவித்துவிடுகிறார்கள். கொன்சேர்ட் பியானிஸ்ட்டுக்கு அது வாசற்படி மட்டும்.

உள்ளே போனால் 'கொன்சர்வேட்டரி'. இந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு கதை உண்டு. நேப்பிள்ஸில் அநாதைப் பிள்ளைகளைக் காத்து வளர்த்த இல்லங்களுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். காப்பது என்பதே வேர்ப்பொருள். அந்தப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார்கள், நாளடைவில் இசைப்பள்ளிக்கே அது பெயராயிற்று. அங்கே நாளுக்குப் பல மணிநேரம் பியானோ முன் இருப்பதை ஆங்கிலத்தில் வெறும் பயிற்சி என்பார்கள். நம்மிடம் அதைவிடக் கனமான சொல் இருக்கிறது: சாதகம். (சோதிடர் கையில் இருக்கும் சாதகம் வேறு. அதிலும் குருபலன் வேண்டியிருக்கும்.) அரங்கேற்றம் என்ற சொல்லும் இங்கே பொருந்தும். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பழகிப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். பியானோக்காரர் பன்னிரண்டில் மேடையேறினாலும், போலந்தின் வார்சோவில் 1927இல் தொடங்கிய ஷொப்பன் பியானோப் போட்டி போன்றவற்றில் பேர் எடுத்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்க்கும். அதற்கும் முப்பது வயதை ஒட்டி வாசல் மூடிவிடும்.

தனியொருவர் முழு நிகழ்ச்சியையும் வாசிப்பதற்கு 'ரிசைட்டல்' என்று பெயர். 1840இல் லண்டனில் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் தன் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரை வைத்தபோது, பியானோவில் எப்படி ஒப்புவிப்பது என்று ஆட்கள் குழம்பினார்களாம். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிறோமே, அதே சொல். ஆனால் பொருத்தம் இருக்கிறது. தாளைப் பார்க்காமல், ஒன்றரை மணிநேர இசையை மனப்பாடமாக வாசிப்பதுதான் இன்றுவரை மேடை வழக்கம். தமிழில் எழுத்தைப் படிப்பதும் வாசிப்பு, கருவியை இசைப்பதும் வாசிப்பு. அந்த மனிதர் வாசிக்காமல் வாசிக்கிறார்.

கொழும்பில் இந்த வகையில் சொல்லக்கூடிய பழைய பெயர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து, லண்டனில் சட்டமும், அங்குள்ள ரோயல் அகாடமியில் பியானோவும் படித்து 1924இல் திரும்பியவர். படித்த தொழில் வழக்காடுவது, மனம் பியானோவில். உலகம் நினைவு வைத்திருப்பது அவர் எடுத்த புகைப்படங்களை. நாங்கள் நாடகம் பார்க்கப் போகும் அரங்குக்கு அவர் பெயர்.

அப்புறம் பெயர்தான் என்ன? 'பியானோ இசைக்கலைஞர்' என்று எழுதுவது பிழையில்லை, ஆனால் கல்யாணவீட்டு ஓர்கன்காரரும் அதற்குள் அடங்கிவிடுவார். பழந்தமிழில் யாழ் வாசித்தவர் யாழ்ப்பாணர். அந்தத் தடத்தில் 'பியானோப் பாணர்' என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்க ஆசையாக இருக்கிறது, எழுதத் துணிச்சல் வரவில்லை. நாதஸ்வர வித்துவான், தவில் வித்துவான் என்கிறோம். குருவிடம் கிடந்து பழகினார், அரங்கேறினார், கேட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள், இதுவே சீவியம் என்று அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. கொன்சேர்ட் என்ற முன்னொட்டுச் சொல்ல வருவதும் அதைத்தானே? எனவே 'பியானோ வித்துவான்' என்பது என் தெரிவு. வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'பியானோ இசைவல்லார்' என்று எழுதலாம். நிகழ்ச்சிக்குக் கச்சேரி வேண்டாம், 'தனி அரங்கு' போதும்.

மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். 'பியானோ வித்துவான்' என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், தலையாட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. பக்கவாத்தியம் ஆரார்?"

ஒருவரும் இல்லை, தனியாகத்தான் என்றேன்.

"பாவம்" என்றார்.