பிரத்தியேகம் அல்ல, ஒருகடை உரிமை

கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் காணொளி போடுகிறவர்களும் ஒரு விளையாட்டு ஒரே கடையில் மட்டும் விற்கப்படுவதைக் குறிக்கும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ‘பிரத்தியேகம்’ என்று போட்டுவிடுகிறார்கள். இது சின்னத் தவறு அல்ல. யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்பதையே மறைத்துவிடுகிற தவறு. ‘கன்ட்ரோல், எபிக் கடையின் பிரத்தியேக விளையாட்டாக வெளிவந்தது’ என்று ஒரு காணொளியில் கேட்டுவிட்டு, ராமநாதபுரத்தில் இருக்கும் என் அக்கா மகன், “மாமா, அப்ப அந்த கேமை எபிக்காரங்கதான் செஞ்சாங்களா?” என்றான். செய்தது பின்லாந்தின் ரெமெடி நிறுவனம். எபிக் அதை இணையத்தில் விற்ற கடை, அவ்வளவுதான். பையன்மேல் குற்றமில்லை, அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் படும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன். வெளியே என்பதும் அடைப்பது என்பதும் சேர்ந்து, ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது என்ற பொருள் தந்தது. பிரத்தியேகம் வடமொழி. பிரதியும் ஏகமும் சேர்ந்தது, ஒவ்வொன்றாக, தனித்தனியாக என்று அர்த்தம். இதில் சாத்துவதும் இல்லை, வெளியே நிற்பவரும் இல்லை. இலங்கையில் டியூஷனைப் ‘பிரத்தியேக வகுப்பு’ என்பார்கள். அது மூலப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிற நல்ல வழக்கு. நம் பக்கத்துப் பத்திரிகைகளோ ‘பிரத்தியேகப் பேட்டி’ என்று போட்டுப்போட்டு அதைச் ‘சிறப்பு’ என்பதற்கு இன்னொரு பெயராக்கிவிட்டன. ஆகவே பிரத்தியேகம் என்று படிக்கிறவருக்கு அது ஒரு பாராட்டாகத்தான் தெரியும்.

நடந்தது பாராட்டுக்கு உரியதா என்று பாருங்கள். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் இன்னொரு கடையான, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் 2003-இல் வந்தது. விற்பனையில் 30 சதவீதத்தைக் கடை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். 2018 டிசம்பரில் எபிக் கடை திறந்து, ‘எங்களுக்கு 12 சதவீதம் போதும்’ என்றது. தன் பங்கைக் குறைத்ததோடு நிற்கவில்லை. விளையாட்டை வெளியிடும் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஸ்டீமில் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டது. கன்ட்ரோலுக்காக எபிக் கொடுத்தது ஏறக்குறைய 95 லட்சம் யூரோ. 2019 ஆகஸ்டில் வந்த அந்த விளையாட்டு ஓராண்டு கழித்துத்தான் ஸ்டீமுக்குப் போனது. மெட்ரோ எக்ஸோடஸ் என்ற இன்னொரு விளையாட்டுக்கு நடந்தது இன்னும் மோசம். ஸ்டீமில் முன்பதிவே நடந்துகொண்டிருந்தது. வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில் அங்கிருந்து எடுத்து எபிக்குக்கு மாற்றினார்கள். அச்சடித்து முடித்த பெட்டிகளில் ஸ்டீம் முத்திரைமேல் எபிக் ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள்.

எங்கள் கரையில் இதைப் புரியவைக்க அகராதியே தேவையில்லை. வலை வாங்கவும் இன்ஜின் பழுது பார்க்கவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய நாட்டுப்படகுக்காரர், பிடித்து வந்த நண்டை அந்த வியாபாரியின் தராசில்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் கிலோவுக்குக் கூடுதலாகத் தர நின்றாலும் அங்கே போக முடியாது. அதைப் ‘பிரத்தியேக நண்டு’ என்று தொண்டியிலும் சொல்ல மாட்டார்கள், பாம்பனிலும் சொல்ல மாட்டார்கள். “முன்பணம் வாங்கியாச்சு, அவருக்குத்தான் போடணும்” என்பார்கள். கொடுத்தவர், வாங்கியவர், கட்டுப்பாடு மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

சரி, தனித்தமிழ் அன்பர்கள் என்ன வைக்கிறார்கள்? சிலர் ‘தனியுரிமை’ என்கிறார்கள். இதை என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. தனியுரிமை என்பது இன்று ஒருவருடைய அந்தரங்கத்துக்கான உரிமை. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை என்று சொன்னபோது செய்திகளில் ஓடிய சொல் அது. எந்தச் செயலியைத் திறந்தாலும் ‘தனியுரிமைக் கொள்கை’ என்று கீழே நிற்கிறது. ஓர் அர்த்தத்தில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது எதற்கு? ‘தனித்துவ விளையாட்டு’ என்பது அதைவிட மோசம். அது விளையாட்டின் தரத்தைப் பற்றிப் பேசுகிறது, விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பொருளியல் பாடநூலில் வரும் ‘முற்றுரிமை’ நல்ல சொல்தான். ஆனால் அது சந்தை முழுவதும் ஒருவர் கையில் இருப்பதைக் குறிக்கிறது. எபிக்குக்குச் சந்தை கையில் இல்லை. இல்லாததால்தான் இப்படிக் காசு கொடுத்தது. இவற்றையெல்லாம் எழுதுவதைவிட ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது எனக்கு நேர்மையாகப் படுகிறது. புரியாத சொல் புரியவில்லை என்று தெரியும், தவறாகப் புரிகிற சொல் அப்படியல்ல.

நான் சொல்வது ‘ஒருகடை உரிமை’. ஒருவழிப்பாதை என்பதைப் புரிந்துகொள்கிற எல்லோருக்கும் இது புரியும். ‘கன்ட்ரோலின் ஒருகடை உரிமையை எபிக் ஓராண்டுக்கு வாங்கியது’ என்று எழுதிப் பாருங்கள். வாங்கியவர் யார், எவ்வளவு காலம் என்று கேட்க வைக்கும் சொல் இது. காலக்கெடுவைச் சொல்லாமல் விடவே முடியாது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். அகராதியைத் திறக்கிறார்கள், முதலில் இருப்பதை எடுக்கிறார்கள், அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வியாபாரம் நடந்தது என்று விசாரிப்பதில்லை. அதனால் மூன்று வெவ்வேறு நிலைமைக்கும் ஒரே பிரத்தியேகம். ஃபோர்ட்நைட் எபிக் தானே செய்தது, கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வால்வ் தானே செய்தது. இவை அந்தந்தக் கடையின் சொந்தத் தயாரிப்பு, அப்படியே எழுதலாம். பணம் கொடுத்துக் கட்டிப்போட்டது ஒருகடை உரிமை. அப்புறம், சிறு நிறுவனங்கள் பல ஸ்டீமில் மட்டும் விற்கின்றன. யாரும் பணம் தரவில்லை, வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ‘ஸ்டீமில் மட்டும் கிடைக்கிறது’ என்றால் போதும், உரிமை என்ற சொல்லை அங்கே கொண்டுவரவே கூடாது.