சந்தைக்கு ஓட்ட வேண்டாம், அம்மா

பெங்களூரு அல்சூரில் ஒரு சந்துக்குள் நான்கு கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கும் அம்மா ஒருவர் கூப்பிட்டிருந்தார். ஒரு மாடு நன்றாகத் தீனி எடுத்தும் இளைத்துக்கொண்டே போகிறதாம். குடற்புழு மருந்து இரண்டு முறை கொடுத்தாயிற்று. விடியற்காலையில் லேசான வறட்டு இருமல். பால் மட்டும் பெரிதாகக் குறையவில்லை. மாட்டுக் காசநோயோ என்று சந்தேகம் வந்தது. இந்த நோயில் இதுதான் ஏமாற்றிவிடும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட மாடு நன்றாகவே தெரியும்.

கழுத்தில் முடியை மழித்து, தோலின் தடிமனை அளந்து, காசநோய்த் தொற்றைக் கண்டுபிடிக்கும் டியூபர்குலின் ஊசி போட்டேன். 72 மணி நேரம் கழித்து அதே இடத்தை அளக்க வேண்டும். 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்திருந்தால் தொற்று இருக்கிறது என்று கணக்கு. 2 மில்லிமீட்டருக்குள் என்றால் கவலையில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றால் 42 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் அந்த மாட்டின் கழுத்து நன்றாகத் தடித்திருந்தது. "சார், சந்தைக்கு ஓட்டிடட்டுமா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோய் கண்ட மாட்டைக் கழித்துவிட்டு நஷ்டஈடு தருகிற தேசியத் திட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் விற்றால் அந்த நோய் இன்னொருவர் கொட்டகைக்குப் போகும். மனிதர்களுக்கான காசநோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், மருந்து பாலிலும் இறங்கும். பேசிப் புரியவைத்தபின், பழைய சாமான் கிடந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து மாட்டைத் தனியாகக் கட்டினார். தண்ணீர்த் தொட்டியும் தனி. அதன் பாலை விற்கவே வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் பேரன் விஷயம் தெரிந்தது. கறந்த சூட்டோடு தினமும் ஒரு டம்ளர் குடிப்பானாம். இந்தக் கிருமி பால் வழியே போனால் நுரையீரலைவிடக் கழுத்து நெறிகட்டிகளிலும் குடலிலும்தான் அதிகம் தங்கும். கழுத்தில் கட்டிகட்டியாக வீங்குவதைப் பெரியவர்கள் கண்டமாலை என்பார்களே, அது இப்படியும் வரும். பையனை டாக்டரிடம் காட்டும்போது வீட்டில் மாடு இருப்பதைக் கட்டாயம் சொல்லச் சொன்னேன். காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் பைராசினமைடு மருந்து மாட்டுக் காசநோய்க் கிருமியிடம் வேலை செய்யாது.

பாலை ஒரு முறை பொங்கக் காய்ச்சினாலே கிருமி செத்துவிடும். கோயிலில் தரும் அபிஷேகப் பாலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ச்சிக் குடியுங்கள். பால் கறப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவருக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். மனிதரிடமிருந்தும் மாட்டுக்கு ஒட்டும்.

மற்ற மூன்றில் இரண்டு மாடுகளுக்கு ஒன்றுமில்லை. ஒன்று 3 மில்லிமீட்டரில் நிற்கிறது. அதற்கு மறுபடி ஊசி போட நாள் குறித்து வைத்திருக்கிறேன்.