ஜெரிமாண்டரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ‘ஜெரிமாண்டரிங்’ பழக்கமான சொல்தான். தமிழில் எழுதும்போது இதைச் சிலர் ‘தொகுதி மறுவரையறை’ என்றே போட்டுவிடுகிறார்கள். அது பொருந்தாது. மக்கள்தொகை மாறும்போது தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைவது மறுவரையறை. எந்த நாட்டிலும் நடந்தே ஆக வேண்டிய வேலை. யார் ஜெயிக்க வேண்டும், யாருடைய வாக்கு எடுபடாமல் போக வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்டு அதற்கேற்பக் கோடு போடுவதுதான் ஜெரிமாண்டரிங்.

சொல் பிறந்தது 1812-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். அப்போது ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். மாநில மேலவைத் தொகுதிகளைத் தன் கட்சிக்குச் சாதகமாக மாற்றிய சட்டத்துக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் ஒப்புதல் கொடுத்தார். எசெக்ஸ் மாவட்டத்தில் ஒரு தொகுதி ஊர்களைச் சுற்றி வளைந்து நெளிந்து கிடந்தது. மார்ச் 26 அன்று ‘பாஸ்டன் கெசட்’ பத்திரிகை அந்த வரைபடத்துக்கு இறக்கையும் நகமும் வைத்துக் கேலிச்சித்திரமாக வெளியிட்டது. பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர் என்ற உயிரியின் பெயரோடு ஆளுநர் பெயரை ஒட்டி, ‘கெர்ரிமாண்டர்’. அவர் பெயரைக் ‘கெர்ரி’ என்றுதான் உச்சரிப்பார்கள். புழக்கத்தில் சொல் மட்டும் ‘ஜெரி’ ஆகிவிட்டது. அந்த வருடத் தேர்தலில் கெர்ரி ஆளுநர் பதவியை இழந்தார். ஆனால் மேலவையில் எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்ட் கட்சி கூடுதல் வாக்கு வாங்கியும் 40 இடங்களில் 29 கெர்ரியின் கட்சிக்குப் போயின.

பல்லி உருவத்திலிருந்து பிறந்த சொல் என்பதால், வரைபடம் கோணல்மாணலாக இருந்தால்தான் ஜெரிமாண்டரிங் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கோணலான தொகுதிகளும் உண்டுதான். அலபாமாவின் டஸ்கீகி நகரம் சதுர வடிவில் இருந்தது. கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிவுசெய்யத் தொடங்கியதும், 1957-இல் மாநிலச் சட்டமன்றம் நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட வடிவமாக வெட்டியது. நகருக்குள் இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியூர்க்காரர்கள் ஆனார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. யாரும் வீடு மாறவில்லை, கோடுதான் மாறியது. டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் சார்லஸ் கோமில்லியன் வழக்குத் தொடுத்தார். இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையைப் பறிக்கக் கூடாது என்ற 15ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை இது மீறுவதாக இருக்கிறது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

ஆனால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் வரைபடமும் இதே அநியாயத்தைச் செய்ய முடியும். தலா 100 வாக்காளர்களோடு ஐந்து தொகுதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 பேரில் சிறுபான்மையினர் 200 பேர். இரு தரப்பும் தனித்தனியாகத் திரண்டு வாக்களிக்கும் இடம் அது. தொகுதிக்கு 40 பேராக அவர்களைப் பிரித்துவிட்டால் ஐந்திலும் தோற்பார்கள். இது சிதறடித்தல். 95 பேரை ஒரே தொகுதியில் அடைத்து மிச்சப் பேரை மற்ற நான்கில் தூவினால் ஒன்றில் மட்டும் ஜெயிப்பார்கள். இது அடைத்தல். கணக்குப்படி இரண்டு இடங்கள் கிடைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். இந்த இரண்டு வேலைக்கும் கோணல் கோடு தேவையே இல்லை.

அலபாமாவில் 2021-இல் நடந்தது இதுதான். மாநில மக்களில் சுமார் 27 சதவீதம் கறுப்பினத்தவர். ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் அவர்கள் பெரும்பான்மையாக இருந்தது ஒன்றில் மட்டும். பருத்தி விளைந்த கரிசல் பட்டையில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிற ஊர்களில், ஒரு பகுதி அந்தத் தொகுதிக்குள் போனது. மிச்சம் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்குபோடப்பட்டது. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் 1982-இல் திருத்தப்பட்டபோது, கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, விளைவைக் காட்டினாலே போதும் என்று ஆகியிருந்தது. அதை வைத்து மூன்று நீதிபதிகள் அமர்வு 2022 ஜனவரியில் வரைபடத்தை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டதால் அந்த வருடத் தேர்தல் அதே 2021 வரைபடத்தின்படியே நடந்து முடிந்தது. பிறகு 2023 ஜூனில் 5-க்கு 4 என்ற கணக்கில் அதே உச்ச நீதிமன்றம் வாக்காளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தேர்தல் போனது போனதுதான். அதற்கு ஈடு எதுவும் கிடையாது.

அப்புறமும் சட்டமன்றம் இறங்கிவரவில்லை. இரண்டாவது தொகுதியில் கறுப்பினத்தவர் 40 சதவீதத்தைக்கூடத் தொடாத ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தது. அதையும் ஒதுக்கிவிட்டு, முன்பு வரைபடத்தை நிறுத்திய அந்த மூன்று நீதிபதிகள் அமர்வே ஒரு வல்லுநரை அமர்த்திப் புதிய வரைபடம் தயாரித்தது. 2024 தேர்தலில் அந்தத் தொகுதியிலிருந்து ஷொமாரி ஃபிகர்ஸ் ஜெயித்தார். அலபாமாவிலிருந்து இரண்டு கறுப்பின உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

இந்த மாதிரித் தொகுதியை நம் ‘தனித்தொகுதி’யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தனித்தொகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மட்டும்தான் போட்டியிட முடியும். அலபாமாவின் அந்தத் தொகுதியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். சிறுபான்மை வாக்காளர்கள் தங்களுக்குப் பிடித்தவரை ஜெயிக்கவைக்க வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்தியாவில் கோடு போடுவது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பேனா சட்டமன்றத்தின் கையில், அதாவது ஆளும் கட்சியின் கையில் இருக்கிறது. கட்சி ஆதாயத்துக்காக மட்டும் கோட்டை வளைத்தால் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அது மிகவும் வருத்தத்துக்குரிய தீர்ப்பு என்பது என் கருத்து.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பல்லியையும் ஆளுநரையும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை. ‘தொகுதித் திரிப்பு’ என்பதே என் பரிந்துரை. வரலாற்றுத் திரிப்பு, செய்தித் திரிப்பு என்று ஏற்கெனவே சொல்கிறோம். உள்ளதை வேண்டுமென்றே மாற்றிக் காட்டும் குற்றம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பொய் சொல்பவனைக் ‘கயிறு திரிக்கிறான்’ என்கிற பேச்சு வழக்கும் அதற்குத் துணை. மறுவரையறை என்ற சொல்லையும் இலங்கையில் வழங்கும் ‘எல்லை நிர்ணயம்’ என்ற சொல்லையும் நடுநிலையான வேலைக்கே விட்டுவைக்கலாம். அப்போது அலபாமா செய்தியை ஒரே வரியில் குழப்பமில்லாமல் எழுத முடியும்: ‘தொகுதித் திரிப்பை ரத்து செய்த நீதிமன்றம், மறுவரையறைக்கு உத்தரவிட்டது.’